டிராக்டர் டயர் கிழிஞ்சா புதுசு வாங்கியே ஆகணுமா? எந்த வெட்டை ஒட்டலாம், எதை ஒட்டவே கூடாது?

உழவு சீசன் உச்சத்தில் இருக்கும்போதுதான் டிராக்டர் டயரும் கிழியும். வரப்போரம் கிடந்த உடைந்த பாட்டில், மண்ணுக்குள் புதைந்திருந்த ரோட்டாவேட்டர் கத்தித் துண்டு, வேலிக்கல், அறுவடை முடிந்த வயலில் ஈட்டி மாதிரி நிற்கும் கரும்புக் கட்டை என ஏதோ ஒன்று போதும். வண்டி நிற்கும். வாடகைக்கு உழவு ஓட்டுபவர் என்றால் அன்றைய வருமானமும் அங்கேயே நிற்கும்.

பஞ்சர் கடைக்குப் போனால் ஒருத்தர் "இது தேறாது, மாத்திருங்க" என்பார். பக்கத்துக் கடைக்காரர் "ரெண்டு தையல் போட்டா ஒரு வருஷம் ஓடும்" என்பார். ரெண்டு பேருமே சரியாக இருக்க வாய்ப்பு உண்டு, ரெண்டு பேருமே தப்பாக இருக்கவும் வாய்ப்பு உண்டு. காரணம், டயரை ஒட்டலாமா வேண்டாமா என்பதை ஓட்டையின் அளவு மட்டும் முடிவு செய்வதில்லை. ஓட்டை எந்த இடத்தில் இருக்கிறது, உள்ளே இருக்கும் நூல் அறுந்திருக்கிறதா, அந்த வண்டி அடுத்து எங்கே ஓடப் போகிறது என்ற மூன்றும்தான் முடிவு செய்கின்றன.

காத்தைப் பிடிப்பது டயர் இல்லை

நம்ம ஊர் டிராக்டர்களில் பெரும்பாலானவை டியூப் போட்ட டயரில்தான் ஓடுகின்றன. இதில் காத்தைப் பிடித்து வைப்பது டியூப். அந்த டியூப் பலூன் மாதிரி உப்பி வெடித்துவிடாமல் இறுக்கிப் பிடிப்பதும், வண்டியின் எடையைத் தாங்குவதும்தான் டயரின் வேலை.

அந்தத் தாங்கும் வேலையையும் வெளியில் தெரியும் கறுப்பு ரப்பர் செய்வதில்லை. ரப்பருக்குள் அடுக்கடுக்காகப் புதைத்து வைத்திருக்கும் நைலான் நூல்கள்தான் செய்கின்றன. ரப்பர் அந்த நூலுக்குப் போர்வை. மண்ணைக் கவ்விப் பிடிக்கும் பட்டன்களும் ரப்பர்தான்.

இதனால்தான் டியூப் பஞ்சரும் டயர் வெட்டும் வேறு வேறு பிரச்னைகள். டியூப்பில் ஓட்டை விழுந்தால் காத்து போகாமல் அடைத்தால் போதும். டயரில் நூல் அறுந்துவிட்டால் அடைப்பது பிரயோஜனமில்லை, போன பலத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். பலம் போன இடத்தில் டியூப் மெல்ல வெளியே பிதுங்கும். டயர் ஒவ்வொரு சுற்று சுற்றும்போதும் அந்த வெட்டின் வாய் டியூப்பைக் கடித்துக்கொண்டே இருக்கும். "புது டியூப் போட்டும் நாலாவது நாள் பஞ்சர்" என்று புலம்புபவர்களின் டயரைக் கழற்றி உள்பக்கம் பார்த்தால் பெரும்பாலும் இந்தக் கதைதான் இருக்கும்.

லாரிக்கு முடியாதது டிராக்டருக்கு எப்படி முடிகிறது?

லாரி டயரில் 100 பவுண்டையும் தாண்டி காத்து அடிப்பார்கள். டிராக்டரின் பின் டயரில் வயல் வேலைக்கு 12 முதல் 15 பவுண்டு என்ற அளவிலேயே ஓட்டுகிறார்கள். துல்லியமான அளவு வண்டியின் கையேட்டிலும் டயர் கம்பெனி அட்டவணையிலும் இருக்கும். வேகமும் குறைவு. உழவில் மணிக்கு 5 அல்லது 6 கிலோமீட்டர் போனாலே அதிகம். அழுத்தமும் சூடும் குறைவாக இருப்பதால் ஒட்டுப் போட்ட இடத்துக்கும் பாடு குறைவு. லாரியில் ஒரு நாள்கூட நிற்காத ரிப்பேர் டிராக்டரில் பல சீசன் நிற்பதற்கு இதுதான் காரணம்.

ஆனால் அதே டிராக்டரின் பின்னால் டிரெய்லர் மாட்டி, கரும்போ மணலோ ஏற்றி, தார் ரோட்டில் 25, 30 கிலோமீட்டர் வேகத்தில் போனால் இந்தக் கணக்கு மாறிவிடும். எடை கூடும், டயர் சூடாகும், ஒட்டுப் போட்ட இடம் நெகிழ்ந்து நெகிழ்ந்து அலுத்துப்போகும். வயலில் டயர் வெடித்தால் உழவு நிற்கும். பாலத்தின் மேல் வெடித்தால் வண்டி கவிழும்.

டிரெய்லருக்குப் போட்டிருக்கும் டயருக்கும் இந்தச் சலுகை கிடையாது. அது அதிகக் காத்தில் பாரம் சுமக்கும் டயர். அதை லாரி டயராகவே நினைத்துக்கொள்வது நல்லது.

முதலில் டயரைப் படிக்க வேண்டும்

டயரின் பக்கவாட்டில் 13.6-28 என்று இருந்தால், அகலம் 13.6 அங்குலம், ரிம்மின் விட்டம் 28 அங்குலம் என்று அர்த்தம். நடுவில் கோடு இருந்தால் சாதாரண பயஸ் டயர். அந்த இடத்தில் ஆர் என்ற ஆங்கில எழுத்து இருந்தால் ரேடியல்.

ரிப்பேருக்கு இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம். பயஸ் டயரில் நூல்கள் கயிற்றுக் கட்டில் பின்னியது போலக் குறுக்கும் நெடுக்குமாகப் பல அடுக்கில் ஓடும். ஒரு இடத்தில் சில நூல் அறுந்தாலும் பக்கத்தில் இருப்பவை கொஞ்சம் பாரத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும். ரேடியலில் பக்கவாட்டு நூல்கள் ஒரே திசையில், ரிம்மிலிருந்து மேல்நோக்கி நேராகப் போகும். அங்கே வரிசையாக நூல் அறுந்தால் தாங்க ஆள் இல்லை. அதனால் பக்கவாட்டில் வெட்டுப்பட்ட ரேடியல் டயரை ஒட்டுவதற்கான எல்லை ரொம்பச் சின்னது.

அடுத்துப் பார்க்க வேண்டியது 12 பி.ஆர். என்பது போன்ற எழுத்து. இதைப் பார்த்து உள்ளே 12 அடுக்கு நூல் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அது பலத்தைச் சொல்லும் அளவு மட்டுமே. உண்மையான அடுக்குகள் அதைவிடக் குறைவாகவே இருக்கும். தயாரித்த தேதியும் டயரிலேயே இருக்கும். நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரத்தையும் கடைசி இரண்டு ஆண்டையும் குறிக்கும். 3521 என்றால் 2021-ம் ஆண்டின் 35-வது வாரம்.

எந்த வெட்டு தேறும்?

பட்டனில் மட்டும் வெட்டு, நூல் தெரியவில்லை என்றால் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் அப்படியே விட்டுவிடவும் கூடாது. வெட்டுக்குள் சின்னக் கல் போய் உட்கார்ந்துகொள்ளும். வண்டி ஓட ஓட அது ஆணி அடிப்பது போல உள்ளே இறங்கிக்கொண்டே போகும். கல்லைத் தோண்டி எடுத்து, சுத்தம் செய்து, ரப்பர் வைத்துச் சூட்டில் அடைத்துவிட்டால் வேலை முடிந்தது.

ஆணியோ கருவேல முள்ளோ குத்திய சின்ன ஓட்டைகளும் இந்த ரகம்தான். டியூப்பை ஒட்டியதோடு நிறுத்தாமல் டயரின் உள்பக்கமும் ஒரு சின்ன பேட்ச் வைக்கச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் சேற்றுத் தண்ணீர் அந்த ஓட்டை வழியாக நூல் அடுக்குக்குள் போய், அடுக்குகளைப் பிரித்துவிடும். முள்ளைத் தேடும்போது வெறுங்கையால் டயருக்குள் தடவ வேண்டாம். ஒரு பழைய துணியை வைத்துச் சுற்றிலும் தேய்த்தால் முள் இருக்கும் இடத்தில் துணி மாட்டும். கையும் தப்பிக்கும், முள்ளும் தப்பாது. சீமைக் கருவேலம் மண்டிய ராமநாதபுரம், சிவகங்கை பக்கம் ஒரே டயரில் அரை டஜன் முள் கிடைப்பது ஆச்சரியமில்லை.

பட்டன் பகுதியில் வெட்டு ஆழமாகப் போய் நூலும் அறுந்திருந்தால்? இங்கேதான் உண்மையான வல்கனைசிங் வேலை தேவைப்படுகிறது. வெட்டின் நீளம் கம்பெனி சொல்லும் அளவுக்குள் இருந்து, சுற்றியுள்ள நூல் உறுதியாக இருந்தால் பயஸ் டயரில் இது தேறும். விரல் நுழையும் அளவு ஓட்டையைக்கூட நல்ல கடைக்காரர் சரிசெய்துவிடுவார்.

பக்கவாட்டு வெட்டுதான் சிக்கலானது. டயர் உருளும்போது அதிகமாக மடங்கி விரிவது அந்தப் பகுதிதான். தோல் மட்டும் சிராய்த்திருந்தால் ரப்பர் பூசி மூடலாம். நூல் அறுந்து ஆரப்பார் தெரிகிறது என்றால், வயலில் மட்டுமே ஓடும் வண்டிக்குச் சின்ன வெட்டாக இருந்தால் யோசிக்கலாம். ரோட்டில் பாரம் இழுக்கும் வண்டிக்கு வேண்டவே வேண்டாம்.

கடைக்காரர் எவ்வளவு சொன்னாலும் ஒட்டக்கூடாதவை

ரிம்மோடு ஒட்டி உட்காரும் ஓரத்துக்குள் இரும்புக் கம்பி வளையம் இருக்கும். கடைகளில் பீடிங் என்பார்கள். டயரை ரிம்மில் பிடித்து வைப்பதே இந்த வளையம்தான். அந்தக் கம்பி வெளியே தெரிந்தால், மடங்கியிருந்தால், அறுந்திருந்தால் கதை முடிந்தது. கடப்பாரையைப் போட்டு முரட்டுத்தனமாகக் கழற்றும்போது கடைகளிலேயே இது கெட்டுப்போவதும் உண்டு. கழற்றும் முன்பு ஓரம் முழுக்கச் சோப்புத் தண்ணீர் தடவுகிறாரா என்று பார்த்தாலே அந்தக் கடைக்காரரின் கைப்பக்குவம் தெரிந்துவிடும்.

பக்கவாட்டில் கட்டி போல வீங்கியிருந்தால் உள்ளே நூல் அடுக்கு பிரிந்துவிட்டது அல்லது அறுந்துவிட்டது என்று பொருள். மேலே பேட்ச் ஒட்டுவது கட்டிக்குப் பிளாஸ்திரி ஒட்டுவது போலத்தான். வாங்கிச் சில மாதங்களே ஆன டயரில், எங்கும் இடிக்காமல் வீக்கம் வந்திருந்தால் பஞ்சர் கடைக்குப் போகாமல் முதலில் பில்லோடு டீலரிடம் போக வேண்டும். அது தயாரிப்புக் குறையாக இருக்கலாம். ஒரு முறை வெளியே ரிப்பேர் செய்துவிட்டால் வாரண்டி கேட்பது கஷ்டம். அதே நேரம் பாட்டிலோ கட்டையோ கிழித்ததற்கு வாரண்டி பொதுவாகக் கிடைக்காது.

காத்து இறங்கியது தெரியாமலோ, தெரிந்தும் "வீடு வரைக்கும் போயிடலாம்" என்றோ ஓட்டிய டயர் இன்னொரு ரகம். வெளியே பார்த்தால் நன்றாக இருக்கும். உள்பக்கம் சுற்றிலும் வளையம் போலச் சுருக்கம் விழுந்து, ரப்பர் தூளாக உதிர்ந்து, நூல் பிசிறு பிசிறாகத் தெரியும். அந்த டயருக்கு பஞ்சர் ஒட்டுவது பணத்துக்குக் கேடு மட்டுமல்ல, காத்து அடிக்கும்போதே பக்கவாட்டு கிழிந்து வெடிக்கும் ஆபத்தும் உண்டு.

வெயிலில் கிடந்து விழும் மெல்லிய வெடிப்புகள் வேறு விஷயம். மேல் தோலில் மட்டும் இருந்தால் ஓட்டலாம். வெடிப்பை விரலால் விரித்துப் பார்க்கும்போது நூல் தெரிந்தால் ஓட்டக்கூடாது.

சரியான வல்கனைசிங் எப்படி இருக்கும்?

ரப்பரையும் கந்தகத்தையும் சேர்த்துச் சூடாக்கினால் உறுதியான, இழுத்தால் திரும்பும் பொருளாக மாறுகிறது என்று சார்லஸ் குட்இயர் கண்டது 1839-ல். காப்புரிமை வாங்கியது 1844-ல். ஊர் ரோட்டோரக் கடையில் நடப்பதும் அதே வேதியியல்தான். வேகாத ரப்பரை வெட்டுக்குள் வைத்து வேகவைக்கிறார்கள். டயர் ரப்பரோடு அது ஒரே உடம்பாகிவிடுகிறது.

நல்ல கடையில் முதல் வேலை, வெட்டை இன்னும் பெரிதாக்குவது. பார்க்கும் விவசாயிக்குப் பகீர் என்று இருக்கும். ஆனால் அறுந்து தொங்கும் நூலையும் நைந்த ரப்பரையும் சாய்வாக அறுத்து எடுத்தால்தான் புது ரப்பர் பிடிக்கும். பிறகு உள்ளேயும் வெளியேயும் தேய்த்துச் சொரசொரப்பாக்குவார்கள். சொல்யூஷன் பூசிக் காயவிடுவார்கள். கம் எனப்படும் வேகாத ரப்பரை வெட்டு நிறைய அமுக்கி வைப்பார்கள். உள்பக்கம் நூல் அடுக்கு வைத்த பெரிய பேட்ச் ஒன்று போடுவார்கள். வெளியே அடைக்கும் ரப்பர் அழுக்கைத் தடுக்கும், ஆனால் அறுந்த நூலின் வேலையைச் செய்யப் போவது இந்த உள் பேட்ச்தான். அது இல்லாத ரிப்பேர் வெறும் பூச்சு. பேட்ச்சில் அம்புக்குறி போட்டிருந்தால், அது டயரின் ஓரத்தைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பி ஒட்டினால் நூலின் திசை மாறிவிடும்.

கடைசியில் கிளாம்ப் போட்டு, சுமார் 140 முதல் 150 டிகிரி செல்சியஸ் சூட்டில் வேகவைப்பார்கள். டயர் தடிமனாக இருந்தால் சூடு நடுப்பகுதி வரை போய்ச் சேர மணிக்கணக்கில் ஆகும். "டீ குடிச்சுட்டு வாங்க, முடிஞ்சுடும்" என்றால் அது இந்த வேலை இல்லை.

ஒரு விஷயத்தை நம்ம ஊர் விவசாயிகள் கட்டாயம் கவனிக்க வேண்டும். சேறடித்துக்கொண்டிருந்த டயரை அப்படியே கழற்றிக் கொண்டுபோய் வேகவைக்கச் சொல்லக்கூடாது. வெட்டு வழியாக நூலில் ஈரம் ஊறியிருக்கும். சூடேறும்போது அந்த ஈரம் ஆவியாகி உள்ளே குமிழ் விடும். பேட்ச் சில வாரங்களில் எழும்பிவிடும். அவசரம் என்றாலும் டயர் நன்றாகக் காய வேண்டும்.

தையலும் போல்ட்டும் என்ன ஆகும்?

பெரிய வெட்டை நைலான் கயிற்றால் தைப்பது, உள்ளே பழைய டயர் துண்டு ஒன்றைச் செருகுவது, அதையே போல்ட் நட் போட்டு முடுக்குவது என்று ஊருக்கு ஊர் வைத்தியம் உண்டு. கேலி செய்ய வேண்டியதில்லை. வேறு வழியில்லாத நாளில், மெதுவாக ஓடும் வயல் வேலையில், சீசனை முடித்துக் கொடுத்த தையல்கள் நிறைய உண்டு.

ஆனால் அதன் எல்லையைத் தெரிந்து செய்ய வேண்டும். செருகிய துண்டின் ஓரம் டியூப்பைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். அதனால் ஓரத்தைச் சீவி மெல்லியதாக்காமல் வைக்கக்கூடாது. போல்ட் தலை டியூப் பக்கம் துருத்தக்கூடாது. தையல் துளைகள் ஒவ்வொன்றும் புதிதாகச் சில நூல்களை அறுக்கும். இன்னொன்று, இப்படி ஓட்டிய டயரைப் பிறகு முறையாக வல்கனைஸ் செய்ய முடியாமல் போகலாம். வெட்டு அதற்குள் பெரிதாகியிருக்கும், சேறும் ஏறியிருக்கும்.

ரோட்டில் ஓட்டுவதைச் சட்டமும் ஏற்பதில்லை. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன் 94-வது விதி டயரின் நிலையைப் பற்றிப் பேசுகிறது. நூல் வெளியே தெரியும் டயர், வீக்கம் கண்ட டயர், வல்கனைஸ் செய்யாமல் வெளியே ஒட்டுப் போட்ட டயர் ஆகியவற்றை ஓட்டத் தகுதியற்றவை என்கிறது அந்த விதி. பக்கத்துக் கடை வரை கொண்டுபோவதற்கான தற்காலிக ஒட்டுக்கு மட்டும் விலக்கு உண்டு. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கேள்வியும் இங்கிருந்துதான் தொடங்கும்.

ஒரு டயரா, ஜோடியா?

புதுசு வாங்குவதா ஒட்டுவதா என்று கணக்குப் போடும்போது பலர் ஒரு டயரின் விலையை மட்டும் பார்க்கிறார்கள். உண்மையில் பார்க்க வேண்டியது ஜோடியை.

பின்பக்கம் ஒரு டயர் புதுசாகவும் இன்னொன்று பாதி தேய்ந்ததாகவும் இருந்தால் உயரம் மாறும். வண்டி ஒரு பக்கம் சாயும், கலப்பை ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் மேலாகவும் ஓடும். நேராகப் போகும்போதுகூட இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற வேண்டியிருப்பதால் டிஃபரென்ஷியலுக்கு ஓய்வே இருக்காது. நாலு சக்கரமும் இழுக்கும் வண்டியில் முன், பின் டயர்களின் சுற்றளவுக்கு ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். அது தப்பினால் கியர் பாகங்கள்தான் அடி வாங்கும். கடைசியில் "ஒண்ணு மட்டும் போதும்" என்று போனவர் இரண்டாக வாங்கிவருவார்.

உதாரணத்துக்கு ஒரு புது டயர் 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வெட்டுப்பட்ட டயரில் பட்டன் உயரம் இன்னும் பாதிக்கு மேல் இருந்தால் அதற்குள் 10,000 ரூபாய்க்கு மேல் ஓட்டம் பாக்கி இருக்கிறது. ரிப்பேருக்கு 3,000 ஆனாலும் லாபம்தான். அதே டயர் பட்டன் மழுங்கி, அடுத்த வருஷம் எப்படியும் மாற்ற வேண்டியது என்றால் அதே 3,000 ரூபாய் வீண். வெட்டின் அளவு மாறவில்லை, முடிவு மாறிவிட்டது.

வரியும் இந்தக் கணக்கைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறது. டிராக்டர் டயர், டியூப் மீதான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. வரிக்கு முன் 20,000 ரூபாய் விலையுள்ள டயருக்கு 3,600 ரூபாயாக இருந்த வரி இப்போது 1,000 ரூபாய். பாதி தேய்ந்த டயருக்குப் பெரிய செலவில் ரிப்பேர் செய்யலாமா என்று தயங்குபவர்கள் பழைய விலையை மனதில் வைத்துக்கொண்டு முடிவெடுக்கக்கூடாது.

முன் டயரைப் பொறுத்தவரை கணக்கு எளிது. சின்ன டயர், விலையும் குறைவு. ஸ்டீயரிங் அதை நம்பித்தான் இருக்கிறது. பின் டயரைவிடக் காத்தும் அதிகம். இரண்டு சக்கரம் இழுக்கும் வண்டியின் முன் டயரில் நூல் அறுந்தால் மாற்றிவிடுவதே மேல்.

பட்டன் மட்டும் தேய்ந்திருந்தால்?

வெட்டு இல்லை, வீக்கம் இல்லை, பட்டன் மட்டும் மொட்டையாகிவிட்டது என்றால் ரீபட்டன் வழி இருக்கிறது. பழைய உடம்பின் மேல் புது ரப்பர் வைத்து, அச்சில் பட்டன் எடுத்து வேகவைப்பது. நூல் தெரியும் வரை ஓட்டிவிட்டுப் போனால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதனால் இன்னும் கொஞ்சம் ரப்பர் மீதி இருக்கும்போதே கழற்ற வேண்டும். முன்பே பெரிய வெட்டு ஒட்டிய டயரை ரீபட்டன் போடுவது நல்லதல்ல. ஒரு தகவல்: 1946-ல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். நிறுவனம், முழு டயர் செய்வதற்கு முன்னால் 1952-ல் இறங்கியது இந்த ரீபட்டன் ரப்பர் தயாரிப்பில்தான்.

உயிர் போகும் இடம் எது?

டயர் வேலையில் ஆபத்து பெரும்பாலும் ரோட்டில் இல்லை, கழற்றி மாட்டும்போது இருக்கிறது.

இழுவைக்காகப் பின் டயரில் தண்ணீர் நிரப்புவது வழக்கம். முக்கால்வாசி நிரப்பினால் நூறு லிட்டருக்கு மேல் பிடிக்கும். அதாவது நூறு கிலோவுக்கு மேல் கூடுதல் எடை. தண்ணீரை வடிக்காமல் சக்கரத்தைக் கழற்றினால், சரிந்து விழும்போது எந்த ஆளாலும் பிடிக்க முடியாது. வால்வைக் கீழே கொண்டுவந்து முதலில் தண்ணீரை விட வேண்டும். சேற்று வயலில் ஜாக்கியை மட்டும் நம்பாமல் அச்சுக்குக் கீழே கட்டைகள் அடுக்கித்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.

ரிப்பேர் முடிந்து காத்து அடிக்கும்போது ஓரம் ரிம்மில் சரியாக உட்காராமல் அடம்பிடிக்கும். "இன்னும் கொஞ்சம் அடி" என்று ஏற்றிக்கொண்டே போவதுதான் ஆபத்து. பின் டயரை உட்கார வைக்க 35 பவுண்டைத் தாண்டக்கூடாது என்பது பொதுவான எல்லை. அதற்குள் உட்காரவில்லை என்றால் காத்தை முழுக்க இறக்கி, சோப்புத் தண்ணீர் தடவி, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஹோஸை வால்வில் மாட்டிவிட்டு டயருக்கு நேரே நிற்காமல் தள்ளி நிற்க வேண்டும். குனிந்து முகத்தை அருகில் வைத்துப் பார்ப்பதோ, டயர் மேல் உட்காருவதோ கூடாது. பெட்ரோல் ஊற்றிப் பற்றவைத்து டயரை உட்காரவைக்கும் வித்தைகள் வீடியோக்களில் சுற்றுகின்றன. அதைச் செய்பவர்கள் கையை, கண்ணை இழக்கிறார்கள்.

ரிம்மில் விரிசல் இருந்து வெல்டிங் வைக்க வேண்டியிருந்தால், டயரை முழுக்கக் கழற்றிய பிறகே வைக்க வேண்டும். காத்தை இறக்கிவிட்டால் போதும் என்று நினைப்பது தப்பு. சூட்டில் உள்ளே ரப்பர் வெந்து எரியக்கூடிய வாயு உண்டாகி, வெல்டிங் முடிந்து சில நிமிடம் கழித்தும் வெடிக்கும்.

ஒட்டிய பிறகு எப்படி ஓட்டுவது?

பெரிய வெட்டு ஒட்டிய டயருக்குள் பழைய டியூப்பைத் திணிக்காமல் புது டியூப் போடுவது நல்லது. பழைய டியூப் விரிந்து பெரிதாகியிருக்கும். உள்ளே மடிப்பு விழுந்து அந்த மடிப்பிலேயே அறுந்துபோகும். டியூப் மேல் பவுடர் தூவி மாட்ட வேண்டும்.

காத்து குறைவாக வைத்தால் ஒட்டுக்குப் பாரம் குறையும் என்று சிலர் நினைக்கிறார்கள். நேர் எதிர். காத்து குறைந்தால் டயர் அதிகம் மடங்கும், பேட்ச் சீக்கிரம் பிரியும். உழவில் இழுக்கும்போது டயர் ரிம்மின் மேல் வழுக்கி நகரும். டயரோடு டியூப்பும் நகர, வால்வு மட்டும் ரிம் துளையில் மாட்டி நிற்க, மூக்கு அறுந்துவிடும். வால்வு சாய்ந்து நிற்பதைப் பார்த்தாலே டயர் நகர்கிறது என்று புரிந்துகொள்ளலாம். சுண்ணாம்பாலோ பெயிண்டாலோ டயரிலும் ரிம்மிலும் சேர்த்து ஒரு கோடு போட்டு வைத்தால் இன்னும் சுலபம். கோடு விலகினால் காத்தைப் பார்க்க வேண்டும்.

முதல் சில நாள் வேலை முடித்ததும் ஒட்டுப் போட்ட இடத்தில் கையை வைத்துப் பார்க்க வேண்டும். மற்ற இடத்தைவிட அது அதிகமாகச் சுட்டாலும், லேசாகப் புடைத்திருந்தாலும் ரோட்டில் எடுக்கக்கூடாது. பத்து நாள் கழித்து ஒரு முறை கழற்றி, உள் பேட்ச்சின் ஓரம் எங்காவது எழும்பியிருக்கிறதா என்று பார்த்துவிட்டால் அந்த சீசனை அதே டயரில் முடிக்கலாம்.